கட்டரக் கீழ வையுங்க சாரே

அந்தக் கட்டர மொதல்ல கீழ வையுங்க சாரே! வையுங்கன்னா... ஆங், அப்பிடி. இன்னும் கொஞ்சம் தள்ளி, என் கண்ணுல படாத எடத்துல. அதப் பாத்தாலே எனக்க வெரலு ரெண்டு சுத்து கூட வீங்குது.

முடி வெட்டப் போனாக்கூட எப்பிடி வெட்டணும்னு ஒரு வார்த்த கேப்பாங்க. இந்தத் தீயணைப்பு ஸ்டேஷன்ல வந்து, மோதரம் இறுகிப் போச்சுன்னு கைய நீட்டினதும் கட்டர எடுத்தாச்சு! பேரென்ன... சட்டையிலயே இருக்கே, ரதீஷ். புதுசா வந்ததாக்கும்? எந்த ஊரு? பாலக்காடா! பின்னே தமிழ் தெரியாத மாதிரி முழிச்சிட்டு நிக்கிறது என்னத்துக்கு? செரி, உக்காருங்க. நான் ரெஷ்மா. ஜீப்பு ராஜையனுக்க மவளாக்கும். இந்த ஆலுவிளையில யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாவ.

மணி என்ன ஆச்சு? ஒம்பதே முக்காலா! ஏசப்பா... பதினொண்ணுக்கு மாப்பிள வீட்டுக்காரங்க வந்துருவாவ. எனக்கு இல்ல சாரே, எனக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒரு பிள்ளையும் பெத்தாச்சு. எனக்க நாத்தனா ஆர்ஷாவுக்கு இண்ணைக்கு நிச்சயம். என் பெருவெரல்ல இறுகி நிக்குதே, இது அவ மாப்பிளைக்குப் போட வேண்டிய மோதரம். உள்பக்கம் பாத்தா 'ஆர்ஷா'ன்னு பேரு வெட்டியிருக்கும். இப்பப் பாக்க முடியாது, என் சதைதான் தெரியும்.

இத வெட்டி, ஒட்டுப்போட்டு, அந்தப் பையன் வெரல்ல போடச் சொல்லுதியளா? அவனுக்க அம்மைய ஒங்களுக்குத் தெரியாது. பொண்ணு பாக்க வந்த அண்ணைக்கு கரண்டு போச்சு. அம்புட்டுதான், "இது செரியில்ல"ன்னு எழும்பி நின்னாவ. கரண்டு வந்தப்பொறவுதான் திரும்ப உக்காந்து கேக்கு தின்னாவ. அவிய கண்ணுல இந்த ஒட்டு பட்டுச்சுன்னா...? ஆர்ஷாவுக்கு ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் பேசி நின்னு போச்சு சாரே. அது நல்ல பிள்ள. காலையில அஞ்சு மணிக்கே தலகுளிச்சு, சாரி உடுத்து, உக்காந்தா மடிப்பு கலையும்னு நின்னுட்டே இருக்கு. அந்தக் கால் வலிக்காவது ஒரு மரியாத வேண்டாமா?

தப்பு யாருக்கதுன்னு கேட்டா, மொதல்ல நகைக்கடைக்காரனுக்கது. ஆம்பிள மோதரம்னா தாராளமா இருக்க வேண்டாமா? ரெண்டாவது, இந்த வெக்கை, வெரலு வீங்காதா? மூணாவது எனக்க மாமியாரு, அம்மிணி மாமி. "ரெஷ்மா, நீதான் பொறுப்பான பிள்ள, மோதரத்த நீயே வெச்சுக்கோ"ன்னு என் கையில தந்தாவ. பொறுப்புன்னு தந்தா நான் அளவு செரியா இருக்கான்னு பாக்க வேண்டாமா? பாத்தேன். அதாக்கும் நடந்தது. வேற ஒண்ணுமில்ல.

வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்க வீட்டுக்காரரு ஆன்சன்கிட்ட ஒண்ணு சொன்னா அஞ்சு நிமிஷத்துல அவருக்க அம்மைக்குத் தெரியும். அதனால பூ வாங்கிட்டு வாரேன்னு சொல்லி, பிள்ளைய அவரு மடியில போட்டுட்டு ஸ்கூட்டர எடுத்தேன். ஹாரன் எந்த வெரலால அமுக்கணும்? இதே எடது பெருவெரலு! அமுக்கினா உயிரு போவுது. சந்த வழியா இங்க வரைக்கும் "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு வாயாலயே கத்திட்டு வந்தேன். ஒங்க வண்டிக்குக்கூட அவ்வளவு வழி விட்டிருக்க மாட்டாங்க.

ஏன் எழும்புதிய? கட்டருக்கா? உக்காருங்க, உக்காருங்க. இதக் கேட்டுட்டுப் போங்க. செவுத்துல என்ன எழுதி மாட்டியிருக்கு? நிலையத்துக்க சரித்திரம். மந்திரி வந்தாரு, நாடா வெட்டினாரு, அண்ணையிலருந்து ஆலுவிளையில தீயணைப்பும் ஆம்புலன்ஸும் தொடங்கிச்சு. நல்ல கத! அதுக்கு முன்ன இந்த ஊருல தீயே பிடிக்கலியா? யாருக்கும் நெஞ்சு வலிக்கலியா?

எனக்க அப்பா ரப்பர் ஷீட்டு ஏத்துற ஜீப்பு ஓட்டினாவ. ஆம்புலன்ஸு அதுதான். ஷீட்ட எறக்கினா ஆளு, ஆள எறக்கினா ஷீட்டு. இந்த ஊருல பேறுக்குப் போன பொம்பிளைக எல்லாம் ரப்பர் வாடையோடதான் பிள்ள பெத்தாவ. ஆளப் படுக்க வெக்க ஒண்ணும் கெடையாது. ஜீப்பு நிக்கிற எடத்துக்கு எதிர்ல பஞ்சாயத்து நூலகம். அதுக்க கதவு நல்ல பலாப்பலக. அப்பா என்ன செய்வாவ, கீல்ல உள்ள ஆணிய உருவி, கதவத் தூக்கி ஜீப்புல வெச்சு, மேல ரெண்டு சாக்க விரிச்சு, ஆளப் படுக்க வெச்சு ஒரே போக்கு! ஊருல அதாக்கும் அடையாளம். நூலகத்துக்குக் கதவு இல்லன்னா யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. ரோட்டுல போறவங்க வந்து அந்த வாசல எட்டிப் பாத்து, "இண்ணைக்கு யாரு?"ன்னு கேப்பாவ.

நூலகத்துல வேல பாத்தது லீலாபாய்னு ஒரு அக்கா. அவிய பட்ட பாடு இருக்கே! மழையில புத்தகம் நனையுது. ஆடு உள்ள வந்து பேப்பரத் தின்னுது. ஒரு நாளு இவிய உள்ள இருந்து பூட்டிட்டு கணக்கெடுத்திட்டு இருக்கும்போதே அப்பா வெளிய நின்னு கதவ உருவிட்டுப் போயிட்டாவ. பூட்டோட! அண்ணைக்கு உக்காந்து எழுதினாவ பாருங்க கலெக்டருக்கு ஒரு மனு. 'இந்த ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸு தந்து எனக்க கதவக் காப்பாத்தணும்.' நோயாளியப் பத்தி ஒரு வரி கெடையாது! மாசம் ஒண்ணு, மூணு வருஷம் எழுதினாவ. கடசியில அங்க உள்ளவங்களே சலிச்சுப் போய் தந்துட்டாங்க. அந்தக் கதவுக்காகத்தான் சாரே இந்த ஊருக்கு ஆம்புலன்ஸு வந்தது. போர்டுல இருக்கா? தேடிப் பாருங்க.

தீக்கதையும் இப்பிடித்தான். ஷீட்டு காயப்போடுற புகப்பொரை இருக்கில்லியா, அது அப்பப்ப பிடிச்சு எரியும். சர்ச்சுல மணி அடிப்பாவ, அம்மன் கோயில்ல முரசு அடிப்பாவ, ஊரு மொத்தமும் கொடமும் வாளியுமா ஓடும். தூரத்துலருந்து வண்டி வந்து சேரும்போது தீயும் அணஞ்சு, அணைச்சவங்க சாயாவும் குடிச்சு முடிச்சிருப்பாவ. பொறவு ஒரு வழியா இந்த ஸ்டேஷன் வந்திச்சு. ஆளு வந்தாச்சு, தொப்பி வந்தாச்சு, பைப்பு வந்தாச்சு... வண்டி வரல! ஒம்பது மாசம்! ஒரு தடவ நாலு பேரு பைப்பத் தோள்ல போட்டுட்டு தீயணைக்க பஸ்ஸுல போனாங்க. அந்தப் பஸ்ஸும் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு நின்னு போச்சு. அண்ணையிலருந்து அதுக்கும் எனக்க அப்பாவுக்க ஜீப்புதான்.

சிரிங்க சாரே, பரவாயில்ல. சிரிச்சா ஒங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கை எங்க போவுது? விடுங்க அத!

செரி, விசயத்துக்கு வாரேன். உலகம்மைன்னு ஒரு அக்கா, ரப்பர் வெட்டப் போன எடத்துல குளவி கொட்டிச்சு. கை பணியாரம் மாதிரி உப்பிப் போச்சு. கல்யாண மோதரம் சதைக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டத்தான் செய்வாங்க. "மோதரத்துல கைய வெச்சா நான் ஜீப்புலருந்து குதிப்பேன்"னு அந்தக் கதவுல கெடந்து அவிய கத்துறாவ. லீலாபாய் அக்காவும் ஜீப்புல இருந்தாவ. நோயாளிக்குத் துணைக்கில்ல, கதவுக்குத் துணைக்கு! அவிய பையில புத்தகம் தைக்கிற மெழுகு நூலு. அப்பா கிளீனர ஓட்டச் சொல்லிட்டு பின்னால ஏறி, ஓடுற ஜீப்புலயே அந்த நூல வெரல்ல சுத்தி... ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கும்போது மோதரம் உலகம்மையக்கா மறு கையில! இந்த ஸ்டேஷனுக்கு மொதல்ல வந்த எட்டு பேருக்கும் அப்பாதான் அதச் சொல்லிக் குடுத்தாவ. ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரலன்னா அது எனக்க குத்தமா?

அப்பாகிட்டயேதான் போயிருப்பேன். நேத்து கண் ஆப்பரேஷன். கண்ணுல மூடி ஒட்டி, குனியக்கூடாதுன்னு படுக்க வெச்சிருக்கு. அதனாலதான் சொல்லுதேன். இந்தா, தையல் மெஷின்ல உள்ள நூலு. இந்தா ஊசி. ஒத்தக் கையால என்னால முடியாது. ஒரே ஒரு தடவ. வரலன்னா கட்டர எடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்.

...ஆங்! நீங்க நல்லா இருக்கணும். மொதல்ல எண்ண தடவுங்க. ஊசிக்க காதுப் பக்கத்த, குத்துற பக்கமில்ல, காதுப் பக்கத்த, மோதரத்துக்கு அடியில பையப் பைய விடுங்க. நூலுக்க நுனி மணிக்கட்டுப் பக்கம் நிக்கட்டும். இப்ப ஊசிய உருவிட்டு, நீட்ட நூல மோதரத்துலருந்து நகம் வரைக்கும் நெருக்கி நெருக்கி சுத்துங்க. முட்டு மேல இன்னும் இறுக்கமா. அம்மாடி! நிறுத்தாதீங்க, நான் அப்பிடித்தான் கத்துவேன், நீங்க சுத்துங்க! பேறு நேரத்துல கூட இப்பிடிக்...

அய்யோ, இருங்க இருங்க. வலியில குனிஞ்சேனா, இந்த மேசைக்க ஓரத்தப் பாத்தேன். இங்க பாருங்க, கீல் அடிச்ச தடம்! கீழயும் ஒண்ணு! பலாப்பலக! சாரே, இது அந்தக் கதவு! நூலகத்துக்கு ஷட்டர் போட்டப்ப கதவ யாரோ கொண்டு போனாங்கன்னு அப்பா தேடிட்டே இருந்தாவ. இங்க காலு அடிச்சு மேசையாக்கி, மேல ஒங்க சாயா கிளாச வெச்சிருக்கிய! போர்டுல பேரு இல்லன்னா என்ன, கதவு வேலைக்கு வந்துட்டுதான் இருக்கு.

செரி, இப்ப மணிக்கட்டுப் பக்க நுனியப் பிடிச்சு, நகத்துப் பக்கமா இழுத்து இழுத்து பிரிங்க. பைய... நகருது! சாரே, நகருது! முட்டுல நிக்குது. மூச்சு விடாதீங்க. நீங்கதான், நான் விட்டுக்கிறேன். ஒரு சுத்து... இன்னும் ஒண்ணு...

வந்துட்டு!

ஒரு கீறல் இல்ல! பேரு வாசிக்கலாம், பாருங்க, ஆர்ஷா! மணி பத்தே பத்து. நான் பறந்து போய் பூவும் வாங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கும் அடுக்கிருவேன். ஆர்ஷா நின்ன நிப்பு வீண் போகாது. ரதீஷ் சாரே, ஒங்க பேர போர்டுல எழுதணும், நானே எழுதுவேன்.

ரிஜிஸ்டரா? எழுதுங்க. பேரு ரெஷ்மா, அப்பா பேரு ராஜையன்... 'காரணம்'னு ஒரு கட்டமா? அளவு பாத்ததுன்னு எழுதுங்க. ...என்னத்துக்கு அப்பிடிப் பாக்கிறிய? ஆம்பிள மோதரத்த யாராவது பெருவெரல்ல அளவு பாப்பாங்களான்னா?

செரி. ஒங்ககிட்ட என்ன மறைக்க. எனக்க வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸு போடலாம்னு சாரே. 'நிச்சயத்துக்கு நாங்க ரெடி'ன்னு. மத்த வெரல்ல போட்டா மோதரம் லொடலொடன்னு தொங்குது, போட்டோவுல நல்லாவே இல்ல. நகைக்கடைக்காரன் மேல ஒரு குத்தமும் இல்ல. மாமியும் பாவம். வெக்கையும் இல்ல, காலையில நல்ல குளிரு. நான்தான் பெருவெரல்ல மாட்டி, இந்தா, இப்பிடித் தூக்கிப் பிடிச்சு...

...

சாரே.

எண்ண இருந்ததுனால மோதரம் திரும்பவும் வழுக்கிட்டு உள்ள போயிட்டு.

சிரிக்காதீங்க! நூலு எங்க? அதே நூலு போதும், இன்னொரு தடவ... அய்யோ, இது என்ன பெல்லு? இப்பவா? எங்க தீ? நில்லுங்க சாரே, தொப்பியெல்லாம் பொறவு போடலாம்! ஊசிய எங்க வெச்சிய? ரதீஷ் சாரே! எல்லாரும் ஏறியாச்சா? பின்னால ஒரு ஆளுக்கு எடமிருக்கில்லியா, நானும் ஏறுதேன்! போற வழியில சுத்துங்க! எங்கப்பா ஓடுற ஜீப்புலதான் சுத்தினாவ!