மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தலைவரின் துணைவியார் கிருசிதா அம்மையார் அவர்களே, தரையை உரசுமளவு தாழ்த்தி அழகுபடுத்திய கார்களை ஓட்டும் எஸ்பன்யோலாத் தாழ்வண்டிச் சங்கத்தின் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் தலைவர் ஒனெசிமோ லூஹான் மறைந்தார். இந்தப் பள்ளத்தாக்கிலேயே சொந்த வண்டி இல்லாத ஒரே வண்டிச் சங்கத் தலைவர் மறைந்தார்! சிரியுங்கள், அவரும் சிரித்திருப்பார். ஆனால் ஏன் இல்லாமற் போயிற்று என்பதை மறவாதீர்கள்.

கருஞ்சிவப்பு இம்பாலா கார் ஒன்று அவரிடம் இருந்தது. காப்பீட்டில் கூடுதலாக ஒரு பிரிவைச் சேர்க்கட்டுமா என்று முகவர் கேட்டபோது, வேண்டாம் என்று ஒப்பமிட்டார். அந்தப் பணம் இம்பாலாவின் வண்ணப்பூச்சுக்குப் போயிற்று. அவ்வாண்டே சிமாயோ சாலையில் அம்மையாரின் சிறிய வண்டிமீது ஓர் இளைஞன் மோதினான். தவறு முழுவதும் அவனுடையது. அவனிடம் காப்பீடும் இருந்தது, சட்டம் கேட்கும் மிகக் குறைந்த அளவுக்கு! அம்மையாரின் இடுப்பில் நடந்த முதல் அறுவையோடு அது தீர்ந்தது. மிச்சத்தை யார் கொடுத்தார்? விற்றுப்போன இம்பாலா கொடுத்தது.

அதன்பின் பிறந்ததே நம் விதி. மோதியவரின் காப்பீடு போதாதபோது நம் காப்பீடே மிச்சத்தை ஈடுகட்டும் அந்தப் பிரிவு இல்லாத வண்டியின் பின்கண்ணாடியில், சங்கத்தின் பெயர்த்தகடு நிற்கலாகாது.

எத்தனை பேர் சண்டையிட்டீர்கள்! டெல்ஃபினோ, தலைவரோடு நீ செய்த வாதம் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

“ஏண்ணே, இடிக்கிறவன் அவன். நான் எதுக்குத் தண்டம் அழணும்? அவன் கம்பெனி குடுக்கட்டும்!”

“அவன் வாங்கி வச்ச அளவுக்குத்தான்டா குடுக்கும். மிச்சத்துக்கு யாரு, உங்க மாமனாரா?”

“அந்தக் காசுக்கு நாலு புது டயர் போடுவேன்ணே.”

“போடு. ஆஸ்பத்திரிக்குச் சொகுசா போயிட்டு வரலாம்.”

தலைவர் வளைந்தாரா? உடன்பிறந்த தங்கை யுஃபேலியாவின் வண்டியிலிருந்தே தகட்டைக் கழற்றினார்!

“இனிமே பொசோலே சூப்பு குடிக்க என் வீட்டுப் பக்கம் வந்துராத!”

“வருவேன். நடந்துதான் வருவேன். நீ ஓட்டுற வண்டியில மட்டும் ஏறமாட்டேன்.”

நேற்று செபமாலை முடிந்ததும் டெல்ஃபினோவும் சிலரும் என்னைச் சூழ்ந்தார்கள்.

“அக்கா, அண்ணனே போயிட்டாரு. அந்த விதியும் அவரோட போகட்டும். நாளைக்கு ஊர்வலத்துக்காவது தகடு குடுங்க.”

கல்லூரி வாசலை மிதியாதவள் நான். காப்பீட்டுப் பத்திரத்தை அகராதியோடு அமர்ந்து வரிவரியாகக் கற்றவள். சங்கச் செயலாளர் என்ற முறையில் சபையறிய விடை பகர்கிறேன்: தரமாட்டேன்! கல்லறைக்குப் போகும் சாலையில் மோதுகிறவன், இது துக்க ஊர்வலம் என்று பார்த்தா மோதுவான்?

விதியை நீக்க விரும்புவோர் இப்போதே எழுங்கள். கிருசிதா அம்மையாரின் ஊன்றுகோலைப் பார்த்து அதைச் சொல்லுங்கள்.

எவரும் எழவில்லையே! அப்படியானால் விதி நிற்கிறது. நான் இருக்கும்வரை நிற்கும்.

டெல்ஃபினோ, உன் வண்டி இன்று வெறுங்கண்ணாடியோடு வரட்டும். திங்களன்று அந்தப் பிரிவைச் சேர்த்துவிட்டு வா. உன் தகட்டை என் கையாலேயே பொருத்துகிறேன்.

எழுங்கள், தோழர்களே. தலைவர் வெளியே காத்திருக்கிறார். வண்டிகளைக் கிளப்புங்கள்!