பருப்பு வேகிற தண்ணீர்

எங்கள் வீட்டு ஆழ்துளைப் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, மேடம். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, உங்களுக்குத் தெரியாததா. எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல்லாக நிற்கும். அதனால் கல்யாணமான மறுவாரத்திலிருந்து தினமும் நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறையிலிருந்து ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவருகிறேன். சாயம் சீராக ஏறுவதற்காக அங்கே போர்த் தண்ணீரின் கடினத்தை எடுத்துவிடுவார்கள். சாஃப்ட்னர் தண்ணீர் என்போம். அதில் மூன்றே விசிலில் பருப்பு பூவாக மலரும். உப்பு மட்டும் போகாது, அது தண்ணீரிலேயே இருக்கும். குழம்புக்கு ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டால் சரியாகிவிடும். வேல்விழிக்கு அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெண்டாட்டி அடுப்படியில் கஷ்டப்படக் கூடாது என்று இவ்வளவு தூரம் தண்ணீர் சுமக்கிற புருஷன் இந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம், என்னைக் கெட்டவன் என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். அந்தப் பாட்டிலை மேசைமேல் வையுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

வேல்விழி என் மாமன் மகள். ராமர் மாமாவும் என் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு பனியன் வேலைக்கு வந்தவர்கள். அவள் எனக்கு என்பது அவள் சடங்கான அன்றே பேசியது. நான் பன்னிரண்டோடு நின்று முதலிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிற துண்டுத் துணியைப் பார்த்து அதே நிறத்தைக் குவளைக்குள் கொண்டுவருவது என் வேலை. அவள் நீங்கள் பாடம் நடத்துகிற கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தாள். மூன்று வருஷம் பைக்கில் கொண்டுபோய் விட்டது நான்.

மூன்றாம் வருஷம் மாணவர் ஆய்வரங்கம் வந்தது. சாயக் கழிவுத் தண்ணீரில் இருக்கிற நிறத்தைச் சிரட்டைக் கரியால் எடுப்பது அவள் ஆய்வு. தண்ணீர் தந்தது நான். கரியை முதலில் அமிலத்தில் கழுவச் சொன்னதும் நான். ஆறு மாதம் உழைத்து நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு நிறத்தை எடுத்தாள். அன்றைக்கு நீங்கள் சொன்னதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "இது நெசமான அறுபத்திரண்டு கண்ணு. இதெ வெச்சுக்கிட்டு நீ எங்க வேணாலும் போய் நிக்கலாம்." உங்கள் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்.

எங்கே போய் நிற்பது என்பதுதான் என் கேள்வி. அரங்கில் தேறுகிற இரண்டு பேரை பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு அனுப்புவீர்கள். இரண்டு மாதம். அங்கே பிடித்துப்போனால் முதுகலை, பிஎச்.டி. என்று அப்படியே நூல் பிடித்துப் போகலாம். "ஆறு வருசந்தான் அத்தான், கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நிறத்தில் வேலை பார்க்கிறவன் நான். ஏறிய சாயம் இறங்காது என்பது எனக்குத் தெரியும். போகிறவள் ஒருத்தி, திரும்புகிறவள் வேறொருத்தி.

ஆய்வரங்கத்தன்று பேனரோடு பஸ்ஸில் போகிறவள், கூட்டத்தில் பாட்டில்கள் குலுங்கும் என்று முந்தின இரவே அவற்றை என்னிடம் கொடுத்தாள். கரியில் வடிகட்டிய தண்ணீர், ஆறு பாட்டில். காலையில் பட்டறை வழியாகப் போனேன். ஆறையும் சாக்கடையில் கவிழ்த்தேன். சாஃப்ட்னர் குழாயில் பிடித்து, அவள் தண்ணீரில் மிஞ்சியிருந்த அதே நிறம் வரும் அளவுக்குச் சாயம் காட்டினேன். மூடி அதே மூடி, லேபிளில் அவள் கையெழுத்து. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கெட்டுப்போன முடிவாக மாற்றியிருக்கலாமே, ஏன் அதே நிறத்துக்கு மாற்றினாய் என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் செய்தேன். தோற்றவள் அடுத்த வருஷம் மறுபடி வருவாள். பொய் சொன்னவளை யாரும் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

நடுவராக வந்த சசிகுமார், சாயமேற்றுவதை மேற்பார்க்கிற டையிங் மாஸ்டர். உப்பு அளக்கிற பேனா இல்லாமல் சட்டை போடமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். கரி நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. கழிவுத் தண்ணீரில் ஆறாயிரம் காட்டிய பேனா, அவள் பாட்டிலில் ஆயிரத்து அறுநூறு காட்டியது. எங்கள் ஊர் போரில் காட்டுகிற அதே கணக்கு.

"ஏனுங்கம்மிணி, உங்க கரி உப்பையும் சேத்துத் தின்னுபோடுச்சுங்களா? இது போர்த் தண்ணியாட்டல்ல இருக்குது" என்றார். அரங்கமே சிரித்தது. நீங்கள் அவளிடம், நீ ஊற்றியதுதானா என்று கேட்டீர்கள். அவள் லேபிளைப் பார்த்தாள், தன் கையெழுத்து. ஆமாம் என்றாள். நான் அவளுடைய பேனருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் அடியில் 'மாதிரிகள் தந்து உதவியவர்: திரு. இசக்கிமுத்து' என்று போட்டிருந்தாள். என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டு அன்றுதான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. கடைசிப் பரீட்சையும் எழுதவில்லை. ஆவணியில் கல்யாணம். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை, கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள்: "பாட்டில் கழுவுன தண்ணிய நாந்தான் மாத்தி ஊத்திட்டனோ அத்தான்?" மனுஷன் என்றால் தப்பு வரும், விடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டிருக்கிறேன். அந்த ஆறுதலைச் சொல்ல என்னைத் தவிர அவளுக்கு யார் இருந்தார்கள்? நீங்கள் ஒரு தடவை வந்தீர்களா? அவள் ஏமாற்றினாள் என்று எழுதி, ஒரு பாட்டிலுக்குச் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள். நான் ஊற்றினேன், அவ்வளவுதான். நம்பியது நீங்கள்.

போன மாதம் ஒருநாள் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் வேறு எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டாள். கடைக் கேனில் உப்பும் இருக்காது கடினமும் இருக்காது, போரில் இரண்டும் இருக்கும், உப்பு இருந்து கடினம் இல்லாத தண்ணீர் பட்டறையில் மட்டும்தான் என்று விளக்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கெமிஸ்ட்ரி கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே குழம்பைக் கிண்டினாள்.

இப்போது நீங்கள், அவள் உங்களைத் தேடி வந்தாள் என்கிறீர்கள். பாட்டிலின் சீலை உடைத்து இரண்டு பேருமாகச் சோதித்தீர்கள், உப்பு இருக்கிறது, கடினம் துளியும் இல்லை, பாட்டில் கழுவிய போர்த் தண்ணீராக இருந்தால் கடினம் இருந்திருக்கும் என்கிறீர்கள். சாஃப்ட்னர் தண்ணீரில் இருக்காது. நான்தான் ஊற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வாசலில் நின்று கேட்டீர்களே, "ஏனுங் தம்பி, அந்தப் புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?" என்று. ஒன்றும் பண்ணவில்லை. பிரியமாக இருந்தாள். அப்படிப்பட்டவளை யாராவது ஊர்தாண்டி அனுப்புவார்களா? அந்தக் காலை மறுபடி வந்தாலும் பட்டறை வழியாகத்தான் போவேன்.

வியாழக்கிழமை கிளம்பினாள். அப்பா வீட்டுக்கு என்றாள். அங்கே வரவில்லை என்கிறார் மாமா. கோபம் இருக்கும், தணிந்துவிடும். ஆய்வு நோட்டையும் சான்றிதழையும் எடுத்திருக்கிறாள், அது பெரிதில்லை. அன்று நான் கொண்டுவந்த தண்ணீரைக் கேனோடு, மூடியை இறுக்கி, லேபிள் ஒட்டி எடுத்துப்போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போகிற இடத்தில் பருப்பு வேக வேண்டுமே. என் நினைப்பு இல்லாதவளா, மேடம், அதைச் சுமந்துகொண்டு போவாள்?