வியாழன் மேசைக்கு வந்த மாஸ்கிராப்

ஜனவரி மாதம். சாயங்காலம் ஐந்து மணிதான்... ஆனால் இங்கிலாந்தில், ஷெஃபீல்டிலிருந்து மேட்டுவெளிக்கு ஏறுகிற சாலையில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. வீடு கிடையாது. மரம் கிடையாது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், அதற்கு அப்பால் பனி. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். இது என் நண்பன் நைஜலின் பெரியப்பாவுக்கு நடந்தது.

பெரியப்பா பெயர் தெல்வால். குளிரில் நரம்பு எப்படி மரத்துப்போகிறது என்று ஆராய்ச்சி செய்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவரும், கணக்குப் போடும் இயந்திரங்கள் கட்டிய மாஸ்கிராப்பும் சேர்ந்து 'வியாழன் மேசை' என்றொரு சங்கம் ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகத்தில் கிழட்டுப் பேராசிரியர்கள் இளசுகளை வாய் திறக்க விடவில்லை. அதனால் மலைமேல் ஒரு விடுதியின் மாடி அறையைப் பிடித்தார்கள். நடுவில் வட்ட மேசை. மாதத்தில் ஒரு வியாழன் ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பீர். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். சட்டம் ஒன்றே ஒன்று. 'நான் நம்புகிறேன்' என்று யார் வாயிலாவது வந்துவிட்டால், அவர்தான் கீழே போய் அடுப்புக்குக் கரி தூக்கி வர வேண்டும்.

பல வருடம் இப்படியே சந்தோஷமாக ஓடியது. பிறகு அந்த ஜனவரி.

அன்று தெல்வாலின் பேச்சு. மாஸ்கிராப்பைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர் மலைக்கு அந்தப் பக்கம், மான்செஸ்டரிலிருந்து வர வேண்டும். சூப் வந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. அப்போது படியில் காலடி... தட்... தட்...

மாஸ்கிராப் உள்ளே வந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை. ஈரக் கம்பளி நாற்றம். கூடவே லேசாகப் பெட்ரோல்.

"யோவ், கழுதை மேல ஏறி வந்தியா?" என்றார் வேதியியல்காரர் பென்டில்பரி. "சூப்பு ஆறிப்போச்சு பாரு."

மாஸ்கிராப் சிரிக்கவில்லை. தெல்வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெல்வால் பேச ஆரம்பித்தார். குளிரில் முதலில் விரல் குத்தும். அப்புறம் எரியும். அப்புறம் எல்லாம் நின்றுவிடும்...

"நின்னப்புறம்?" என்று கேட்டார் மாஸ்கிராப்.

"அப்புறம் ஒண்ணும் தெரியாதுப்பா. ஆபத்தே அதுதான்."

"ஆமா," என்றார் மாஸ்கிராப். "ஒண்ணுமே தெரியல."

சொல்லிவிட்டுத் தெல்வாலின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு முடியும்வரை பிடித்தபடியே இருந்தார். தெல்வாலுக்கு அது வினோதமாகக்கூடப் படவில்லை. ஜில்லென்று இருந்தது... அவ்வளவுதான்.

"நான் முன்னால கிளம்பறேன்," என்று மாஸ்கிராப் எழுந்து போனார். படியில் இறங்கும் சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

மற்றவர்கள் கிளம்பி வெளியே வந்தார்கள். கொஞ்ச தூரத்தில், மான்செஸ்டர் பக்கத்து வளைவில், பனிக்குவியலுக்குள் ஒரு காரின் கூரை கைவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. கையாலேயே தோண்டினார்கள். உள்ளே மாஸ்கிராப். பென்டில்பரி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கல்.

"இது இப்ப நடந்ததில்ல," என்றார் மெதுவாக.

போலீஸ் மருத்துவரும் அதையேதான் சொன்னார். உயிர் போனது மத்தியானத்துக்கு முன்பே.

அடக்கத்தன்று தெல்வாலுக்கு அழுகை வரவில்லை. துக்கமும் வரவில்லை, பயமும் வரவில்லை. குழிக்குள் மண் விழுவதை, யாருடைய வீட்டு வேலையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் மறுபடி கூடினார்கள். விஞ்ஞானிகள் இல்லையா... முறையாக விசாரித்துவிடலாம் என்றுதான்.

"முதல்ல இதச் சொல்லுங்க. அவன் எங்க உக்காந்திருந்தான்?" என்றார் தெல்வால்.

"என் பக்கத்துல," என்றார் பென்டில்பரி. "இடப்பக்கம்."

"இல்லையே. எனக்கு இடப்பக்கம்," என்றார் அடுத்தவர்.

அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். மேசையைச் சுற்றி எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்த அறையில் முதல்முறையாக யாரும் யாரையும் மறுக்கவில்லை.

கறி வந்தது. தெல்வால் அப்போதுதான் கவனித்தார். ஒருவரும் கத்தியைத் தொடவில்லை. எல்லோரும் வலது கையில் முள்கரண்டியைப் பிடித்து, வெட்டாத கறியைக் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு இடது கைகூட இல்லை.

அவருடையதும் மடியில்தான் கிடந்தது.

அடுத்த வியாழன் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. சங்கம் அன்றோடு முடிந்தது.

தெல்வாலின் இடது கை மணிக்கட்டுவரை மரத்தேபோனது. ஆய்வுக்கூடத்தில் தானே ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. நரம்பில் ஒரு குறையும் இல்லை. அடுப்பில் சுட்டுக்கொண்டால், தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் தெரியும். அப்படியே கிழவராகி, கடைசியில் நைஜல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு குளிர்கால நாள், தேநீர் வேளை. பெரியப்பா கோப்பையைத் தொடாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைஜல்... உணர்ச்சி வந்துடுச்சுடா."

"அட, நல்லதுதானே பெரியப்பா! என்ன தெரியுது?"

பெரியப்பா விரல்களை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை.

"அவன் கைய எடுக்கவே இல்லடா."