எஞ்சின் ஏன் சுடுது?

ஆபீசர்: தொட்டுப் பாருங்க விருமாண்டி. சுடுதா, இல்லையா?

விருமாண்டி: அது... வெயில்ல நிக்குதுல்ல சார்.

ஆபீசர்: காலையில ஏழு மணிக்கு? ஷெட்டுக்குள்ள?

விருமாண்டி: மதுரை வெயிலு சார். தகரத்த தாண்டி எறங்கிரும்.

செல்லத்தாய்: ஆமா சார். எங் கையில வெளக்கமாறு கூடச் சுடும்.

ஆபீசர்: நீங்க யாரும்மா?

செல்லத்தாய்: செல்லத்தாய் சார். ஷெட்டக் கூட்டுறவ. வேறொண்ணும் செய்யல. சத்தியமா ஒண்ணும் செய்...

விருமாண்டி: ஏ, அவரு ஒண்ணும் கேக்கலயே!

ஆபீசர்: கடைசியா எப்ப பத்தவச்சீங்க?

விருமாண்டி: எழுவத்தெட்டுல. பதினெட்டு வருசம் ஸ்டேசன்லருந்து மில்லுக்குப் பஞ்சு வேகன் இழுத்தேன் சார். லாரி வந்துச்சு, இதை மூலையில நிறுத்திட்டாக. ஆறு வருசமா... வெறும் பச்சத்தண்ணி.

ஆபீசர்: பச்சத்தண்ணிக்குப் பொக வருமா?

விருமாண்டி: பொகையா... அது பனி சார்.

ஆபீசர்: கறுப்பாவா?

செல்லத்தாய்: மில்லு ஏரியாவுல பனியும் அழுக்காத்தான் சார் எறங்கும்.

ஆபீசர்: கரி போடுற எடத்துல இதென்ன... நெல்லு?

விருமாண்டி: எலி கொண்டாந்துருக்கும்.

ஆபீசர்: மூட்டை கட்டியா?

செல்லத்தாய்: ...பெரிய எலி சார்.

ஆபீசர்: முடிஞ்சுதா? கேளுங்க. நான் மியூசியத்துலருந்து வாரேன். ஆவி எடுத்து ஓடுற எஞ்சின்னா நாங்க கொண்டுபோய் வச்சுக் காப்பாத்துவோம். செத்த எஞ்சின்னா காயலான் கடைக்கு. ஆறு வருசமாப் பத்தவைக்கலன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எழுதிக்கிறேன்.

விருமாண்டி: சார்... எழுதாதீக சார்.

ஆபீசர்: ஏன்?

விருமாண்டி: துண்டு துண்டா வெட்டிருவாகளே...

செல்லத்தாய்: சொல்லிருண்ணே.

விருமாண்டி: வேல போயிரும் தாயி!

செல்லத்தாய்: எஞ்சினே போகப்போகுது, வேல என்ன வேல! சார், எங்க மில்லு லைன் வீடுக அம்புட்டுக்கும் இதுலதான் நெல்லு அவிக்கிறோம். ஒரு கொழாயச் சொருகுனா ஆவி கும்முனு அண்டாவுக்குள்ள போகும். அர மணியில ஒரு மூட்டை!

ஆபீசர்: அட... பாய்லர் தாங்குதா?

விருமாண்டி: பச்சப்புள்ளயாட்டம் வச்சிருக்கேன் சார். ஒரு எடத்துல ஒழுகாது.

ஆபீசர்: அப்ப ஆவி இருக்கு. நகருமான்னுதான் சந்தேகம். சக்கரமெல்லாம் துருப்பிடிச்சு இறுகியிருக்கும்.

விருமாண்டி: ஆமா சார். நின்ன எடத்த விட்டு ஒரு அடி நகரல.

செல்லத்தாய்: இன்னுமாண்ணே? சார், ஸ்டேசன் பக்கத்து வயக்காட்டுலருந்து அம்பது மூட்டை நெல்லு... பின்ன நாங்க என்ன தலையிலயா செமந்து வந்தோம்?