ராணி மந்திரியை என்ன செய்தாள்

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நான் சொன்னதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேலையை நானே ஒன்றரை வருடம் பார்த்திருக்கிறேன். அதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் கடிதத்துக்குப் பதிலைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். கவுன்சிலில் யாரிடமாவது கொடுத்து வாசியுங்கள். வாசிப்பவர் சரியாகத்தான் சொல்கிறாரா என்று பார்ப்பது உங்கள் பாடு.

பெயர் சந்திரகுமார். வயது எழுபத்து நான்கு. ரெய்னர்ஸ் லேனில் ஒரு மீன்கடைக்கு மேலே குடியிருக்கிறேன். தெருக்கதவிலிருந்து பதினான்கு படி. மனைவி சுசிலாவும் இங்கேதான் இருக்கிறாள். 'இருந்தாள்' என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

நான் பொய்யன் அல்ல, கதை சொல்கிறவன். பாரிஸில் இருந்த காலத்தில் ரயிலில் குடையை மறந்துவிட்டேன். அது லீல் நகரத்தில் இறங்கி, ரயில் மாறி, மூன்றாம் நாள் நனையாமல் வீடு வந்து சேர்ந்தது. இதைச் சொன்னால் சனிக்கிழமைச் சங்கத்தில் இருபது பேர் தேநீரை ஆறவிட்டுக் கேட்பார்கள். சுசிலா மட்டும் கேட்டதில்லை. கலியாணமாகி நாற்பத்தொரு வருடம். குடை லீலில் இறங்குகிற இடத்தில் அவள் எழுந்து போய்விடுவாள். சோறு அடிப்பிடிக்கும், ஷிப்டுக்கு நேரமாகும், ஒன்றுமில்லாவிட்டால் யன்னல் திறந்து கிடக்கும். குடை வீடு வந்ததா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

போன வருடம் மாசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. அது வலக்காலையும் ஆங்கிலத்தையும் ஒரே நாளில் கொண்டுபோயிற்று. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் இருபத்தாறு வருடம் நின்று பழகிய ஆங்கிலம். தமிழ் மட்டும் மிஞ்சியது. இப்படியும் நடப்பதுண்டு என்றார் டாக்டர். நான் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மாலை, சக்கர நாற்காலியை யன்னலருகே நிறுத்திவிட்டு ஒரு ராணியின் கதையைத் தொடங்கினேன். எழுநூறு வருடத்துக்கு முன் கடலோரமாக ஒரு நாட்டை ஆண்ட ஆழிநாச்சி. சரித்திரத்தில் தேட வேண்டாம், அவள் நான் பெற்ற பிள்ளை. பிறப்பிலேயே இரண்டு காலும் வராது. பட்டத்துக்கு வந்ததும், சபையில் தன்னைவிட உயரமாக எவரும் தெரியக்கூடாது என்று கட்டளை போட்டாள். மந்திரிமார் தரையில் இருந்தார்கள். படையெடுத்து வந்த அரசன் ஒருவன் கோட்டை வாசல் இரண்டு முழ உயரம்தான் என்று கண்டு, தவழ்ந்து உள்ளே வந்தான். தவழ்ந்த பிறகு சண்டை பிடிப்பது சரியில்லை என்று அப்படியே சரணடைந்தான்.

சுசிலா சிரித்தாள். "பிறகு?" என்றாள்.

நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இந்த இடத்தில் கீழே கதவுச் சத்தம் கேட்டது. எழுந்து படித்தலைப்பு வரை போய்ப் பார்த்தேன். மீன் பெட்டி இறக்குகிறார்கள்.

அடுத்த வாரம் பியோனா வந்தார். பிசியோதெரபி செய்கிறவர், நல்ல பிள்ளை. காலைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து சொன்னார்: சமையலறை சிங்கைப் பிடித்துக்கொண்டு தினமும் பத்துத் தரம் எழும்பி நின்றால், ஆறு மாதத்தில் ஒரு தடியோடு நடந்துவிடலாம்.

"என்னவாம்?" என்று கேட்டாள் சுசிலா.

"எழும்பி நிண்டால் தலைக்குள்ளை திரும்பவும் நரம்பு வெடிக்குமாம். அசையாமல் இருக்கட்டாம்."

யோசித்துச் செய்ததல்ல. ராணி அப்போது யானைமேல் ஏறிக்கொண்டிருந்தாள், பாதியில் விட முடியவில்லை. பியோனாவிடம் திரும்பி, எங்கள் கலாசாரத்தில் நோயாளி இரண்டு வருடம் நிலத்தில் கால் வைப்பதில்லை என்றேன். கலாசாரம் என்று தொடங்கினால் இந்த நாட்டில் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. பியோனா அதை எழுதிக்கொண்டு, மரியாதையாகத் தலையும் அசைத்தார்.

மாதம் ஒருமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் அதையே சொன்னார். ஒவ்வொரு முறையும் நானும் அதையே சொன்னேன். பிடித்து நடை பழக அவர் தந்த வோக்கிங் பிரேமில் பின் அறையில் சட்டை காயப்போட்டேன். குட்மேய்ஸில் இருக்கிற எங்கள் மகள் கீர்த்திகா போன் எடுப்பாள்.

"அப்பா, அவையள் சொல்லுறபடி அம்மா கேக்கிறாவோ?"

"ஓம் பிள்ளை. சொன்னபடிதான்."

அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சீப்பெடுத்துத் தலை இழுத்தேன், குளிப்பாட்டினேன், இடியப்பம் பிழிந்தேன். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. பின்னேரங்களில் ராணி.

மார்கழிக்குப் பிறகு அவள் நல்ல கேள்விகள் கேட்கத் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, உந்த ராணி பிறகு நடந்தவளோ?"

"அவளுக்கேன் நடை? நாடே அவளிட்டை வந்தது."

"சபை கலைஞ்ச பிறகு தனியப் பழகியிருப்பாள்."

"என்ரை கதையிலை இல்லை."

"சரி. பிறநாட்டாற்றை பேச்சு அவளுக்கு விளங்குமோ?"

"அதுக்கொரு மந்திரி இருந்தவன். அவன்தான் எடுத்துச் சொல்லுவான்."

"வைத்தியர் வந்தாலும் அவனோ?"

"ஓம்."

"சரியாய்ச் சொல்லுவானோ?"

"சரியான விசுவாசம் அவனுக்கு."

"பிறகு?" என்றாள்.

கதை அவளுக்குள் இறங்குகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பங்குனியளவில், சங்கத்திலிருந்து திரும்பி வரும் சனிக்கிழமைகளில், பிரேமில் போட்ட சட்டைகள் நான் போட்ட ஒழுங்கில் இருக்கவில்லை. கவனித்தேன். காற்று என்று சொல்லிக்கொண்டேன். யன்னல் பூட்டியிருந்தது.

மன்னிக்கவும், மறுபடி படித்தலைப்புக்குப் போய்வந்தேன். எவருமில்லை. இருந்த இடத்தில் இருக்க முடிகிறதில்லை. வீடு முழுக்க நடக்கிறேன்.

போன மாதம் பியோனா வந்தபோது, சுசிலாவின் காலுறையைச் சரிசெய்துகொண்டு நான் தரையில் இருந்தேன். பியோனா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சுசிலா கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். பத்துத் தரம் அல்ல, ஒரு நாளைக்கு முப்பது தரம் எழும்புகிறேன் என்றாள். பிறகு சிங்கு வரை கூடப் போகாமல், நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். அவள் அவ்வளவு உயரம் என்பதை நான் மறந்திருந்தேன்.

ஆங்கிலம் காலுக்கு முந்தி மார்கழியிலேயே திரும்பி வந்துவிட்டதாம்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் என்ன மொழிபெயர்க்கிறியள் எண்டு கேக்க ஆசையாயிருந்தது," என்றாள். "உங்கடை கதையளிலை அதுதான் திறம்."

கீழே கீர்த்திகாவின் கார் நின்றது. தாயும் மகளும் எல்லாம் முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள்.

"சுசிலா, கதை முடியேல்லை. அந்த மந்திரியை ராணி என்ன செய்தவள் எண்டு நாளைக்குச் சொல்லுறன், இரும்."

"வேண்டாமப்பா. அது எனக்குத் தெரியும்."

ஒரு கையில் தடி, மறு கை பியோனாவின் தோளில். பதினான்கு படியையும் எண்ணினேன். ஏழாவதில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்த்து 'பிறகு?' என்பாள் என்று காத்திருந்தேன். மூச்சு வந்ததும் எட்டாவதில் கால் வைத்தாள்.

நடக்கக்கூடிய ஒரு பெண்ணை வேண்டுமென்றே ஒன்றரை வருடம் நாற்காலியில் வைத்திருந்தீரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓம். முதல் நாள் தவறிச் செய்தேன், மற்ற நாளெல்லாம் தெரிந்தே செய்தேன். அவளை என்னிடம் விட்டிருந்தால் இன்னும் வைத்திருப்பேன். 'தனிமைப்படுத்தல்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அவளுக்கு ஒரு நாடும் யானையும் மந்திரிசபையும் இருந்தன.

மந்திரியின் முடிவைக் கட்டி வைத்திருக்கிறேன். இதுவரை நான் கட்டியதில் சிறந்தது. இங்கே எழுதமாட்டேன், அது அவளுக்கு உரியது. அவள் தெரியும் என்று சொன்னது வீம்பு. தெருக்கதவை நான் இப்போது பூட்டுவதில்லை. நாற்காலியை யன்னலருகே அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

கீழே மறுபடி சத்தம். மீன் பெட்டி காலையிலேயே இறக்கியாயிற்று. போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன். கதை பாதியில் நிற்கும்போது எவளால் அப்படி எழுந்து போய்விட முடியும்.