கல்லுக்கடியில் குடியிருப்போர் சங்கம்

திருட்டுன்னு மட்டும் எழுதாதீங்க ஏட்டையா. தெருச் சங்கத்துப் பிரஷ்ஷுங்களக் காணோம், அவ்வளவுதான். காணாமப் போறதும் திருடு போறதும் ஒண்ணா? பேரா? குவாபாரா ஒரியே. பல்கலைக்கழகத்துல ஆத்துப் புழுபூச்சி பத்திப் படிக்கிறேன். சிரிங்க, எங்கம்மாவும் இப்படித்தான் சிரிப்பாங்க.

வெளியில தெருச் சங்கமே நிக்குது பாருங்க, ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டு, சோத்து உருண்டையக் கடிச்சுக்கிட்டு. வயலுக்குத் தண்ணி விடறதுக்கு முன்னாடி ஒரு நாள், மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் மதகை அடைச்சு ஓடையத் தூர் வாரறது வழக்கந்தான். வாரட்டும், யாரு வேணாங்கிறா? இந்த வருஷம் தலைவர் ஹோசாகா ஐயாவுக்குப் புது ஞானம் பொறந்திருக்கு. ஜூன்ல மின்மினி பாக்க வெளியூர் ஜனம் வருமாம். அதனால ஒவ்வொரு கல்லையும் புரட்டி, அந்தப் பிரஷ்ஷால தேச்சுப் பளபளன்னு ஆக்கணுமாம்!

ஏன் ஏட்டையா, மின்மினி வானத்துலேர்ந்தா கொட்டுது? அதோட புழு இப்ப அந்தக் கல்லுக்கடியிலதான் கெடக்கு. ஒரு நல்ல மழை ராத்திரி வந்தாத்தான் கரையேறும். அது தின்கிறது நத்தைய. நத்தை தின்கிறது கல்லுல இருக்கிற பாசிய. பாசியச் சுரண்டிட்டு மின்மினியக் கூப்பிட்டா யாரு வருவா, ஹோசாகா ஐயாவோட மாமியாரா?

இன்னும் கேளுங்க. தட்டையா ஒரு பூச்சி, வேகமா ஓடற தண்ணியிலதான் கல்லோட ஒட்டிக்கும். இன்னொண்ணு வாயிலேர்ந்து நூல் விட்டு மணலை ஒட்டி வீடு கட்டிக்கும், உங்க குவார்ட்டர்ஸை விட உறுதி. தண்ணி கொஞ்சம் சூடானாலே செத்துப்போற ஜாதியும் உண்டு. எல்லாத்தையும் தொரத்தினா மிஞ்சறது சிவப்புப் புழுதான். சேத்துல, நாத்தத்துல, காத்தே இல்லாத எடத்துல ஜம்முனு உக்காந்திருக்கும், எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. தலைவர் மாதிரி.

சரி, மரியாதையாவே பேசறேன். கூட்டத்துல மரியாதையாத்தானே சொன்னேன்? கேட்டாங்களா? பெரியவங்க பேசறாங்க, நீ போயி டீ ஊத்துன்னாங்க. ஊத்தினேன்.

வேற பிரஷ்ஷா? வீட்டுக் கக்கூஸ் பிரஷ்ஷ எடுத்துட்டு வாங்கன்னாராம் தலைவர். அவர் சம்சாரமே மொறச்சுதாம்.

எங்க ஒளிச்சேனா? சொல்றேன், பறக்காதீங்க. மணி பன்னெண்டாச்சா? அப்ப அந்தச் சத்தம் மதகுதான். திறந்துட்டாங்க. இனி வயல் காயற வரைக்கும் ஒருத்தரும் ஓடையில கால் வைக்க முடியாது. இப்படியே ஓரமா வீட்டுக்குப் போகச் சொல்லுங்க எல்லாரையும்.

பிரஷ்ஷா? காலையில நீங்க சைக்கிள்ல ரோந்து போனப்ப இந்த ஸ்டேஷன் கதவு திறந்துதான் கெடந்துச்சு. உங்க முதுகுக்குப் பின்னாடி, கண்டெடுத்த சாமான் வைக்கிற அலமாரியில, அந்தப் பழைய குடைங்களுக்குக் கீழ பாருங்க. முறைப்படி போலீஸ்கிட்டதானே ஒப்படைச்சிருக்கேன், இதுல திருட்டு எங்க வந்துச்சு ஏட்டையா?