தம்பியைப் பார்த்துக்கொண்டவள்

மாத்திரை டப்பாவை நிரப்ப ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோதான நேரம். அவசரம் இருக்காது, வெளிச்சமும் நன்றாக விழும். கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள். பதினோரு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை மேடம். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரன். இருபத்து நான்கு வயதில் அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக வந்து சொன்னான். "இரும்புக் கயிறு உரசுற சத்தம்டா," என்றேன். பிறகு குளியலறையில் கேட்டது, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் கேட்டது. அதற்கு அவனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். அரை பாட்டில் உள்ளே போனால் குரல்கள் வாயை மூடிக்கொள்ளும். விடிந்ததும் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வரும்.

குடியா குரலா, எதை முதலில் நிறுத்துவது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் டாக்டருக்கே அலுத்துப்போனது. "அத விடுங்கம்மா. குரல் கேக்குதுன்னு குடிக்கிறார், குடிக்கிறதால குரல் கூடுது. ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண குணப்படுத்த முடியாது. ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்," என்றார்.

அப்பா அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன், வேலையை விட்டேன். என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னவர் மூன்று வருடம் காத்திருந்தார். அவருக்கும் வயதாகிறதல்லவா. தம்பி கண்ணாடியை உடைப்பான், நான் சில்லுகளைப் பொறுக்குவேன். சட்டை இல்லாமல் தெருவில் ஓடுவான், பின்னாலேயே சட்டையோடு ஓடுவேன். எல்லாம் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ இல்லேன்னா நான் செத்துருவேன்," என்பான். மாடிவீட்டு அம்மா என்னைத் தெய்வம் என்றே சொல்லுவார். கேட்கக் கசக்கவில்லை, அதை மறைப்பானேன்.

போன வருடம் புதிதாக ஒரு மையத்தில் சேர்த்தோம். குடிப்பழக்கத்துக்கும் மனநோய்க்கும் அங்கே ஒரே இடத்தில் வைத்தியம். அது பலித்துவிட்டது. ஒன்பது மாதம் அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. "இப்பல்லாம் எங்கயோ தெருக்கோடியில ரேடியோ பாடுற மாதிரிதான்க்கா இருக்கு. என்ன பாட்டுன்னுகூட தெரியல," என்று சிரித்தான். பழைய கம்பெனியில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மையத்தில் ஒரு பேக்கரிக்காரப் பெண்ணோடு பழக்கமானது. அவளும் குடியிலிருந்து மீண்டவள்தான். கல்யாணம் செய்துகொண்டு தனி வீடு பார்ப்பதாக இருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேரும் வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். "அக்கா, இனிமே டப்பாவ நானே நிரப்பிக்கிறேன். நீ திரும்ப ஸ்கூலுக்குப் போயேன்," என்றான். அந்தப் பெண் என் தோளில் கை வைத்து, "நீங்க பட்டதெல்லாம் போதும்க்கா," என்றாள். இரண்டு பேரும் பிரியமாகத்தான் சொன்னார்கள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். என் பெயரையே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மணி பத்துதான் ஆகியிருந்தது. சாயங்காலம் வரை என்ன செய்வது என்று தெரியாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது மேடம்.

வீடு மாறும் வரைக்கும் நானே டப்பாவை நிரப்பட்டுமா என்று கேட்டேன். சரி என்றான், என் பேச்சை அவன் தட்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கால்சியம் மாத்திரைகளை வைத்தேன். அதே வெள்ளை, அதே வட்டம். அவன் மாத்திரைக்கு நடுவில் இருக்கும் கோடு மட்டும் இதில் இருக்காது. ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். நான் எதற்காக வேண்டும் என்று அவனுக்கு ஞாபகம் வந்தால் போதும்.

மூன்றாவது வாரம் பேச்சின் நடுவே தலையைத் திருப்ப ஆரம்பித்தான். "அக்கா, மறுபடியும் கூப்பிடுது. ஒரு வேளைகூட தவறாம மாத்திரை போட்டேனே. போட்டும் வருதுன்னா எனக்கு இனிமே சரியாகவே ஆகாதுல்ல?" என்று அழுதான். மடியில் போட்டுத் தலையைக் கோதினேன். அந்த ஒரு வருடத்தில் என் மனசு அப்படி நிறைந்ததில்லை. டாக்டரிடம் போகலாம் என்றான். நான் பேசிவிட்டேன், கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார் என்றேன். டாக்டரிடம் நான் பேசவே இல்லை.

நான்காவது வாரம் காதுகளைப் பொத்திக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். அப்போதும் அவன் குடி கேட்கவில்லை. இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், அவன் கேட்கவில்லை. கடைக்குப் போய் வாங்கி வந்தது நான், ஊற்றியது நான்.

"அக்கா... நீயா குடுக்குற?"

"நான்தானடா குடுக்குறேன். இன்னிக்கு ஒருநாள் மட்டும்."

இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான்.

அதன் பிறகு வீட்டோடு இருந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள், மீதி பாட்டிலோடு வேலைக்குக் கிளம்பியிருந்தான். நான்காவது மாடியில் கதவைத் திறந்திருக்கிறான், உள்ளே லிஃப்ட் இல்லை. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்தான் என்று சூப்பர்வைசர் சொன்னார். நான்கு மாடி.

பேக்கரிக்காரப் பெண்தான் டப்பாவை மருந்துக்கடைக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள். கெட்டிக்காரி. அவள் புகாரில் சொன்னது உண்மை, அவளுக்குத் தெரியாததையும் நானே சொல்லிவிட்டேன். மாத்திரையை மாற்றினேன், பொய் சொன்னேன், குடிக்கக் கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நான்கு மணிக்கு வார்டைத் திறந்துவிடுவார்கள் மேடம். அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுகிறான், உள்ளே வராதீர்கள் என்று நர்ஸ் சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், அது பாசம். நான் ஊட்டினால்தான் அவனுக்கு இறங்கும். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.